ஓவர்கிளாக் செய்த கணினி எப்போது கிராஷ் ஆகிறது?

ஓவர்கிளாக் செய்த, அதாவது தயாரிப்பாளர் குறித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டப்படும், டெஸ்க்டாப் தடுமாறத் தொடங்கியதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "வோல்டேஜை இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?" என்பதாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாக என் கணினியையும் நண்பர்களின் கணினிகளையும் ஓவர்கிளாக் செய்து, அவை நின்றுபோகும்போதெல்லாம் காரணம் தேடி வந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. கணினி எந்த நிலையில் இருக்கும்போது கிராஷ் ஆகிறது? செயலியின் எல்லாக் கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) முழுப் பளுவில் ஓடும்போதா, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதா, இரவு முழுவதும் அணைந்து கிடந்த பின் முதன்முதலில் ஆன் செய்யும்போதா, விளையாட்டில் மட்டுமா? இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பலிப்பதில்லை, சில நேரம் கெடுதலும் செய்யும். கிராஷ் ஆகும்போது விண்டோஸ் காட்டும் ப்ளூ ஸ்கிரீனில் என்ன எழுதியிருந்தது என்பதும் பயன்படும்தான். ஆனால் அது எப்போது வந்தது என்று தெரியாமல் அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மதர்போர்டின் செட்டிங்குகளை மாற்றும் பயாஸுக்குள் நுழைவது இருட்டில் துழாவுவதாகவே முடியும்.

செயலிக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு ஒரு கிளாக் சுற்று என்பது 200 பிக்கோவினாடி. அந்த நேரத்துக்குள், ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பிலிருந்து (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) கிளம்பும் சிக்னல் இடையிலுள்ள லாஜிக் கேட்டுகளை எல்லாம் கடந்து அடுத்த ஃபிளிப்-ஃப்ளாப்பை அடைந்து நிலைபெற்றுவிட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். குறைந்தால் தாமதமாக மாறும். வெப்பம், வயது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு, தயாரிப்பாளர்கள் ஓரளவு இடைவெளி விட்டே செயலியின் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். ஓவர்கிளாக் செய்யும்போது நாம் எடுத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். அது தீர்ந்துபோனதும் செயலி மொத்தமாகப் படுத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. மிக நீண்ட பாதை வழியாகப் போகும் ஏதோ ஒரு கட்டளை மட்டும், மின்னழுத்தம் கணநேரம் தாழ்ந்த வேளையில், தவறான விடையைத் தருகிறது. அந்த விடை நினைவக முகவரியாக இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வரும். படத்தில் ஒரு புள்ளியின் நிறமாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. வட்டில் எழுதப்படும் கோப்பின் பகுதியாக இருந்தால், சில வாரங்கள் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் தனிநபர் கணினிகளிலிருந்து வந்த கிராஷ் அறிக்கைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்த கணினிகள் வன்பொருள் பிழையால் கிராஷ் ஆகும் வாய்ப்பு மற்றவற்றைவிட மிக அதிகம் என்பதும், ஒருமுறை அப்படி கிராஷ் ஆன கணினி மறுபடியும் கிராஷ் ஆகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதும் அதன் முக்கியமான முடிவுகள். "ஏதோ ஒரு தடவைதானே" என்று விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த இரண்டாவது முடிவே காரணம். கிராஷ் என்பது வெளியே தெரிந்த பிழை. தெரியாமல் போனவை அதற்கு முன்னால் எத்தனையோ நடந்திருக்கலாம். ஆகவே சோதனையைத் தொடங்குவதற்கு முன், முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் நகல் எடுத்து, அந்த டிரைவைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் பயாஸ் அப்டேட்டையும் கணினி நிலையாக இல்லாதபோது செய்யவே வேண்டாம்.

அடுத்து, பயாஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் என்றால் ராமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலையும் (ராமைத் தரத்தைவிட வேகமாக ஓட்ட அதன் தயாரிப்பாளர் தரும் செட்டிங் தொகுப்பு) சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த இடத்தில் நிறைய பேர் எதிர்ப்புத் தெரிவிப்பார்கள்: பெட்டியிலேயே ராமின் வேகம் 3600 என்று போட்டிருக்கிறதே, அது எப்படி ஓவர்கிளாக் ஆகும் என்பார்கள். டிடிஆர்4 நினைவகத்துக்கு, நினைவகத் தரங்களை நிர்ணயிக்கும் அமைப்பான ஜெடெக் வகுத்த மேல் எல்லை 3200; அதற்கான மின்னழுத்தம் 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி புரொஃபைல் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடுகிறது. ராம் அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு ராம் தயாரிப்பாளர் உத்தரவாதம் தருகிறார். உங்கள் செயலியில் ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் தாங்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை. டிடிஆர்5 நினைவகத்தைப் பயன்படுத்தும் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ராம் குச்சிகளுக்கு 5200, நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 3600. நான்கு குச்சிகளைப் போட்டு 6000 புரொஃபைலை ஆன் செய்துவிட்டு, "நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லையே" என்று சொல்பவரின் கணினி உண்மையில் மிகக் கடுமையான ஓவர்கிளாக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஃபால்ட் நிலையிலும் கிராஷ் வந்தால் ஓவர்கிளாக்கைக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), ராம், எஸ்எஸ்டி, டிரைவர் என்று வேறு பக்கம் தேட வேண்டியதுதான். ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. மதர்போர்டின் டிஃபால்ட்டும் செயலித் தயாரிப்பாளரின் டிஃபால்ட்டும் ஒன்றல்ல. எல்லாக் கோர்களையும் உச்ச வேகத்துக்கு ஏற்றுவது, பவர் லிமிட்டை எடுத்துவிடுவது போன்றவற்றைப் பல போர்டுகள் தாமாகவே செய்கின்றன. அவற்றையும் தேடி அணைக்க வேண்டும். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சிலவற்றில், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் செயலியே தேய்ந்து, எந்த ஓவர்கிளாக்கும் இல்லாமலே கிராஷ் ஆகும் சிக்கல் 2024இல் பெரிதாக வெளிவந்தது. அதற்கான மைக்ரோகோடு (செயலியின் உள் நிரல்) திருத்தங்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் பயாஸ் அப்டேட் வழியாக வந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. அந்தச் செயலிகளில் விளையாட்டைத் திறக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தி வந்ததால், குற்றமில்லாத கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு. அந்தத் திருத்தம் மேலும் தேய்வதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே தேய்ந்த செயலியைச் சரிசெய்யாது. அத்தகைய செயலி உங்களிடம் இருந்தால், ஓவர்கிளாக் செட்டிங்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உத்தரவாதத்தைக் கோருங்கள்.

டிஃபால்ட்டில் கணினி நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, முந்தைய கிராஷ்கள் விட்டுச்சென்ற தடயங்களை விண்டோஸின் பதிவேடான ஈவண்ட் வியூவரில் பார்க்கலாம். அங்கே முதலில் கண்ணில் படுவது சிவப்புக் குறியோடு நிற்கும் கெர்னல்-பவர் 41. அதில் "பவர்" என்று இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். அந்த வரி சொல்வதெல்லாம், முந்தைய முறை கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான். அதன் விவரப் பகுதியில் பக்செக்கோடு என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது பதின்ம எண்ணாக எழுதப்பட்டிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். 292 என்று இருந்தால், அது ப்ளூ ஸ்கிரீனில் பதினறும முறையில் 124 என்று வரும் வன்பொருள் பிழை. 257 என்றால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். ஓவர்கிளாக் செய்த கணினியில் இவ்விரண்டும் பெரும்பாலும் கோர் மின்னழுத்தம் போதாமையைக் காட்டுகின்றன. 278 கிராஃபிக்ஸ் பக்கம் கைகாட்டுகிறது. 26, 10, 80, 59 என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்துகொண்டிருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது ராமை. பூஜ்யம் என்று இருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்கவில்லை. கணினி அப்படியே உறைந்துபோயிருக்கிறது, அல்லது மின்சாரம் சட்டென்று அறுந்திருக்கிறது.

அதே பட்டியலில் டபிள்யூஹெச்இஏ-லாகர் (விண்டோஸின் வன்பொருள் பிழைப் பதிவு) என்ற பெயரில் வரும் வரிகள் இன்னும் மதிப்பு மிக்கவை. 18 என்ற எண் உயிர்போகும் பிழை. 19 என்பது செயலி தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட பிழை. கணினி கிராஷ் ஆகாமல், 19 மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தால், அதை நான் நிலையான ஓவர்கிளாக் என்று ஒப்புக்கொள்வதில்லை. திருத்த முடிந்த பிழைக்கும் திருத்த முடியாத பிழைக்கும் நடுவே பெரும்பாலும் சில மில்லிவோல்ட் வித்தியாசம்தான் இருக்கும்.

முழுப் பளுவில் வரும் கிராஷ்தான் எல்லோரும் எதிர்பார்ப்பது. அதன் காரணங்களும் ஓரளவு நேரானவை. செயலி செலவழிக்கும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட் என்பதிலிருந்து 5.1 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் ஒன்பது சதவீதம்கூடக் கூடுவதில்லை. மின்திறனோ சுமார் 37 சதவீதம் கூடுகிறது. லீக்கேஜ் மின்னோட்டம், அதாவது டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் கசியும் மின்னோட்டம், இதில் சேரவில்லை. அது வெப்பம் ஏற ஏறத் தானும் ஏறும். "கிராஷ் ஆகிறது, வோல்டேஜை ஏற்று" என்ற அறிவுரை முழுப் பளுவில் பல நேரம் எதிர்மாறான பலனைத் தருவது இதனால்தான். ஏற்றிய மின்னழுத்தம் வெப்பமாக மாறுகிறது, வெப்பம் அந்த மின்னழுத்தம் தந்த பலனைத் தின்றுவிடுகிறது, மறுபடி கிராஷ். செயலி 95 டிகிரியை நெருங்கும் நிலையில் நான் மின்னழுத்தத்தைத் தொடுவதே இல்லை. ஹீட்சிங்கின் தூசியையும் தெர்மல் பேஸ்ட்டையும் பார்த்த பிறகு, 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கி, மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துப் பார்க்கிறேன்.

வெப்பம் கட்டுக்குள் இருந்தும் முழுப் பளு தொடங்கிய சில நொடிகளில் கிராஷ் வந்தால், பயாஸில் 1.30 என்று போட்டது செயலிக்கு உண்மையில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்னோட்டம் கூடும்போது மின்னழுத்தம் தாழ்வது திட்டமிட்டே வைக்கப்பட்ட ஏற்பாடு. 1.30 போட்ட இடத்தில், பளுவின்போது 1.22 மட்டுமே கிடைப்பது சாதாரணம். லோட்லைன் கேலிபரேஷன் என்ற செட்டிங் அந்தத் தாழ்வைக் குறைக்கிறது. ஆனால் அதை உச்சத்தில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பளு சட்டென்று நீங்கும் கணத்தில், மின்னழுத்தம் போட்ட அளவையும் தாண்டி மேலே எகிறும். உடனே பளு திரும்பினால் கீழேயும் ஆழமாக விழும். இந்த எகிறலும் விழுதலும் மைக்ரோவினாடிக் கணக்கில் நடப்பதால், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருள்கள் காட்டும் வரைபடத்தில் தெரியவே தெரியாது. திரையில் நேர்கோடு போல நிற்கும் 1.30ஐ நம்பி ஏமாறுவதைவிட, நடு அளவில் கேலிபரேஷனை வைத்து, மின்னழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது செயலிக்கும் நல்லது, அதற்கு மின்னழுத்தம் தரும் விஆர்எம் சுற்றுக்கும் நல்லது.

முழுப் பளுவைச் சோதிக்க நான் இன்றும் பிரைம்95ஐத்தான் நம்புகிறேன். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது; பல லட்சம் இலக்கங்கள் கொண்ட எண்களை ஃபூரியர் மாற்றத்தின் மூலம் பெருக்குகிறது. கணக்கு தசமங்களில் நடந்தாலும் விடை முழு எண்ணாகவே வர வேண்டும். எனவே ஒவ்வொரு விடையும் அருகிலுள்ள முழு எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அந்த நிரல் தானே அளந்து பார்க்கிறது. விலகல் 0.4க்கு மேல் போனால் "ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைவாக எதிர்பார்க்கப்பட்டது" என்ற பொருளில் பிழைச் செய்தி தந்து அந்த வொர்க்கரை (ஒரு கோரில் ஓடும் கணக்கு) நிறுத்திவிடும். விண்டோஸ் சற்றும் கலங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ப்ளூ ஸ்கிரீன் வராது. சுட்டி நகரும், பாட்டு பாடும். ஆனால் அந்தக் கோர் பெருக்கலில் பிழை செய்திருக்கிறது. இந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் "கிராஷ் ஆகவில்லையே" என்று அதே செட்டிங்கில் கணினியைப் பயன்படுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் காரியம். எந்த வொர்க்கர் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி ஒரே வொர்க்கர் நின்றால் ஒரு குறிப்பிட்ட கோர் பலவீனமாக இருக்கலாம்; மாறி மாறி நின்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். சிறிய எஃப்எஃப்டி (ஃபூரியர் மாற்றம்) செயலியின் உள் நினைவகமான கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கோரைச் சோதிக்கிறது. பெரிய எஃப்எஃப்டி ராமையும் மெமரி கன்ட்ரோலரையும் இழுத்து வருகிறது. சிறியது தேறி, பெரியது தோற்றால், கோர் மின்னழுத்தத்தை ஏற்றுவதில் பயனில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் தலைவலி தரும் வகைக்கு வருகிறேன்: சும்மா இருக்கும்போது வரும் கிராஷ். எட்டுக் கோர் ரைசன் 5000 செயலி ஒன்றில் இதை நெருங்கிப் பார்த்திருக்கிறேன். கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே அளவாக மைனஸ் 25 கொடுத்திருந்தது. பிரைம்95 இரவெல்லாம் ஓடி ஒரு பிழையும் காட்டவில்லை. வீடியோ ரெண்டரிங் மணிக்கணக்கில் நடந்து முடிந்தது. ஆனால் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை கறுத்துக் கணினி ரீஸ்டார்ட் ஆகும். ஈவண்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ 18. அதைத் திறந்தால், பிழையின் வகை "கேஷ் ஹைரார்க்கி எரர்", புராசஸர் ஏபிஐசி ஐடி (பிழை எங்கே நடந்தது என்று காட்டும் எண்) 10. முந்தைய கிராஷ்களைத் தேடிப் பார்த்தால் அவற்றிலும் 10, அல்லது 11. அந்தச் செயலியில் ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்); ஆக 10ம் 11ம் ஒரே கோருடையவை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது ஐந்தாம் கோர்.

ஏன் பளுவில் தேறிய கோர் ஓய்வில் தோற்கிறது? எல்லாக் கோர்களும் உழைக்கும்போது பவர் லிமிட்டும் வெப்பமும் சேர்ந்து வேகத்தை 4.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பிடித்து வைத்திருந்தன. உலாவி ஒரு சிறு வேலையைக் கொடுத்ததும், மற்றவை தூங்க, ஒரே ஒரு கோர் மட்டும் தூக்கத்திலிருந்து எழுந்து 4.8க்கு மேல் தாவுகிறது. அதிர்வெண்-மின்னழுத்த வளைவின் உச்சி அந்த இடம். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். 25 படி இறக்கினால் அந்த உச்சியில் 100 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தொழிற்சாலையிலேயே சிறந்தது என்று குறிக்கப்பட்ட கோர்களுக்கு ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தமே ஒதுக்கப்பட்டிருக்கும். இறக்குவதற்கு அங்கே இடம் அதிகம் இல்லை. விண்டோஸும் சிறு வேலைகளைத் தேடிப்போய் அந்தச் சிறந்த கோர்களிடமே கொடுக்கிறது. ஆகவே எல்லோரையும்விடத் திறமையான கோர் எல்லோருக்கும் முன்னால் தோற்றது. மற்ற கோர்களை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாம் கோரை மட்டும் மைனஸ் 10க்குக் கொண்டுவந்ததும் கிராஷ் நின்றது. இந்த வகைக் கோளாறைக் கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் சோதனையை ஓட்டி வரிசையாக எல்லாக் கோர்களையும் சுற்றிவரும் கோர்சைக்கிளர் மிகவும் உதவும். அதில் ஏவிஎக்ஸ் (அதிகப் பளு தரும் கட்டளைத் தொகுப்பு) இல்லாத எளிய முறையைத் தேர்ந்தெடுங்கள். பளு குறைந்தால்தான் அதிர்வெண் உச்சிக்குப் போகும்.

குளிர்ந்த நிலையில், அதாவது நெடுநேரம் அணைந்திருந்த பின் ஆன் செய்யும்போது மட்டும் தகராறு செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கணினியில், நான் செயலியைப் பார்ப்பதே இல்லை. நேராக ராமுக்குப் போகிறேன். ஆன் ஆகும்போது மதர்போர்டு ராமோடு பேசுவதற்கான மின்னழுத்தங்களையும் நேர இடைவெளிகளையும் அளந்து அமைத்துக்கொள்கிறது. இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். விளிம்பில் நிற்கும் செட்டிங்கில் அந்த டிரெய்னிங் ஒருநாள் நன்றாக அமையும், மறுநாள் சற்றே பிசகும். ஆகவே ராமைச் சோதிக்கும்போது ஒரே அமர்வில் பல மணி நேரம் ஓட்டுவது மட்டும் போதாது. முழுவதும் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஆன் செய்து சோதிக்க வேண்டும். செயலியின் ஓவர்கிளாக்கை முழுவதும் எடுத்துவிட்டு, ராமை மட்டும் ஏற்றி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ ஓட்டிப் பாருங்கள். அது தேறினால் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஒய்-கிரஞ்சர். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ராமில் "ஏற்கத்தக்க அளவு பிழை" என்று எதுவும் இல்லை. டிடிஆர்5 சிப்புகளுக்குள்ளே பிழை திருத்தும் வசதி இருப்பதைச் சொல்லி ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அது சிப்புக்குள் நடக்கும் ஒற்றை பிட் பிழையைத்தான் திருத்தும். சிப்புக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பாதையில் நடக்கும் பிழை அதன் கண்ணில் படாது. ஓவர்கிளாக்கில் பிழைகள் மலிவது அந்தப் பாதையில்தான்.

ராமின் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. டிராம் செல் என்பது மின்னூட்டத்தைச் சிறிது நேரம் மட்டும் பிடித்து வைத்திருக்கும் மிகச் சிறிய கெபாசிட்டர். சூடு ஏறினால் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். 85 டிகிரிக்கு மேல் ரிஃப்ரெஷ் (மின்னூட்டத்தைப் புதுப்பித்தல்) இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தரநிர்ணயமே சொல்கிறது. வேகத்துக்காக அந்த இடைவெளியை நாம் நீட்டி வைத்திருந்தால், அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பிழைகள் வரும். திறந்த மேசையில் தனியாகச் சோதித்தபோது தேறிய ராம், கேபினட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு வெளிவிடும் அனலில் ஒரு மணி நேர விளையாட்டுக்குப் பிறகு தோற்பது இப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பளு கொடுத்துக்கொண்டே ராம் சோதனையை ஓட்டினால் இது வெளிப்பட்டுவிடும். மெமரி கன்ட்ரோலரின் மின்னழுத்தத்தைக் கூட்டுவது பல நேரம் உதவும். ஆனால் ரைசன் 7000 வரிசையில் அந்த மின்னழுத்தமான எஸ்ஓசி வோல்டேஜ் அளவு மீறிப் போய்ச் செயலிகள் கருகிய பிறகு, 2023இல் அதற்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி எல்லை வகுத்தது. அந்த எல்லைக்குள்ளேயே நில்லுங்கள்.

விளையாட்டில் மட்டும் கிராஷ் ஆகும் கணினிக்கு வருவோம். இங்கே செயலி, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்குமே ஒன்றாக உழைப்பதால் எதையும் உடனே விலக்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைக்கும். ஈவண்ட் வியூவரில் 4101 என்று பதிவாகும். அது இருந்தால் கார்டின் ஓவர்கிளாக்கையும் அண்டர்வோல்ட்டையும் (குறைத்த மின்னழுத்தத்தையும்) முதலில் எடுத்துவிட்டுப் பாருங்கள். வீடியோ மெமரி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் உள்ள கார்டுகள், பிழை வந்த தரவை மறுபடி அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொள்ளும். ஆகவே எல்லை மீறியதும் திரையில் புள்ளிகள் வராமல், ஃபிரேம் ரேட் மட்டும் மெல்லக் குறையலாம். வேகத்தை ஏற்ற ஏற்ற பெஞ்ச்மார்க் எண் இறங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள்.

எந்தப் பதிவும் இல்லாமல் கணினி சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். நவீன கிராஃபிக்ஸ் கார்டுகள் மைக்ரோவினாடிக் கணக்கில், தமக்குக் குறித்த அளவைவிட மிக அதிகமான மின்திறனை இழுக்கின்றன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் அளவில் 200 சதவீதத்தை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். பழைய எஸ்எம்பிஎஸ் மொத்த வாட் கணக்கில் போதுமானதாக இருந்தும் இந்தத் தாவலில் விழலாம். கார்டின் இரண்டு எட்டு-பின் சாக்கெட்டுகளுக்கும் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களை இழுத்துக் கொடுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தால் தீர்ந்த கிராஷ்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பொறுமை இழந்து கோர் வோல்டேஜ், ராம் வோல்டேஜ், லோட்லைன் மூன்றையும் சேர்த்து மாற்றி, கிராஷ் நின்றுவிட்டால், எது தீர்த்தது என்று கடைசிவரை தெரியாது. தேவையில்லாத மின்னழுத்தம் இரண்டு இடங்களில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோகும். சோதனை எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்ற விவாதத்தில், ஒரே நிரலை 24 மணி நேரம் ஓட்டுவதைவிட, வெவ்வேறு வகை நிரல்களை ஆளுக்குச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, நடுநடுவே கணினியைச் சும்மா விட்டும், ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பியும் பார்ப்பதே என் வழக்கம். பிழைகள் பெரும்பாலும் மாறும் கணங்களில் ஒளிந்திருக்கின்றன; சீரான பளு அவற்றை வெளியே கொண்டுவருவதில்லை.

ஓராண்டாக ஒழுங்காக ஓடிய ஓவர்கிளாக் திடீரென்று தகராறு செய்தால், முதலில் தூசியையும் தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள். அண்மையில் பயாஸை அப்டேட் செய்தீர்களா என்றும் யோசியுங்கள். புதிய பயாஸ் அதே "ஆட்டோ" செட்டிங்குக்கு வேறு மின்னழுத்தம் கொடுக்கலாம். பழைய பதிப்பில் சேமித்த புரொஃபைலைப் புதியதில் ஏற்றினாலும் சரியாக வராமல் போகலாம். எல்லா எண்களையும் கையால் திரும்பப் போடுவதுதான் நம்பகமான வழி. இவை எதுவும் காரணமில்லை என்றால், செயலிக்கு வயதாகியிருக்கிறது. உயர்ந்த மின்னழுத்தமும் வெப்பமும் டிரான்சிஸ்டர்களை மெல்ல மெல்லத் தேய்க்கின்றன, நேற்று 1.28 வோல்ட்டில் எட்டிய வேகத்துக்கு இன்று 1.31 கேட்கும். அதைக் கொடுத்தால் தேய்மானம் இன்னும் விரையும். அந்த நிலையில் நான் 5.1ஐ 5.0 ஆக்கிவிடுவேன். இரண்டு சதவீத வேகம் போகும். எந்தப் பயன்பாட்டிலும் அது கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகும் மாதம் ஒருமுறை ஈவண்ட் வியூவரைத் திறந்து, டபிள்யூஹெச்இஏ 19 புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மூடிவிடுவேன்.